ஓரியன் நெபுலாவை இன்னும் தெளிவாகப் படமெடுக்க: தொடக்கநிலையினருக்கு ஒரு வழிகாட்டி

விண்மீன்களுக்கிடையே பரந்திருக்கும் வாயு, தூசு மேகங்களான நெபுலாக்களைப் படமெடுக்கத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் முதலில் ஒரே இடத்தில்தான் தேங்கி நிற்கிறார்கள். கேமராவின் திரையில் இளஞ்சிவப்பாக ஒரு தீற்றல் தெரிந்தபோது உண்டான மகிழ்ச்சி, வீட்டுக்கு வந்து அதே படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்க்கும்போது பாதியாகக் குறைந்துவிடுகிறது. விண்மீன்கள் முட்டை வடிவில் நீண்டிருக்கும், வானம் பழுப்பேறியிருக்கும், நெபுலாவின் நடுப்பகுதி வெளுத்துப்போய், ஓரங்கள் இரைச்சலில் (மணல் தூவியதுபோன்ற புள்ளிகளில்) கரைந்திருக்கும். அந்த நேரத்தில் விலை உயர்ந்த லென்ஸ் வாங்கலாமா, டெலஸ்கோப்புக்கு மாறலாமா என்ற எண்ணம் வருவது இயல்பு. ஆனால் அந்தக் கட்டத்தில் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை என்பதே என் அனுபவம். எடுத்த பிரேம்களில், அதாவது தனித்தனிப் படங்களில், உள்ள குறை எது என்று அடையாளம் கண்டு, அதை ஒழுங்காகச் சரிசெய்து, ஒரே நெபுலாவுக்குத் திரும்பத் திரும்ப நேரம் கொடுத்தால், அதே கேமரா முற்றிலும் வேறொரு படத்தைத் தரும்.

உங்களிடம் சாதாரண டிஎஸ்எல்ஆர் அல்லது மிரர்லெஸ் கேமரா ஒன்றும், 200 மி.மீ. அளவிலான லென்ஸ் ஒன்றும், பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுத்துத் திரும்பும் சிறிய ஸ்டார் டிராக்கர் ஒன்றும், உறுதியான முக்காலியும் இருப்பதாக வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

ஏன் ஓரியன்?

ஓரியன் நெபுலா ஏறத்தாழ 1,300 ஒளியாண்டு தொலைவில் இருந்தாலும் இருண்ட வானில் வெறும் கண்ணுக்கே மங்கலான புகைபோலத் தெரியும். வேட்டைக்காரனின் இடுப்புப் பட்டையாக வரிசையில் நிற்கும் மூன்று விண்மீன்களுக்குத் தெற்கே, அவனுடைய வாளில் அது இருக்கிறது. வானில் ஒரு பாகை அகலம், அதாவது இரண்டு முழு நிலவுகளை அடுத்தடுத்து வைத்த அளவு. அதன் ஒளியில் ஹைட்ரஜனின் சிவப்போடு ஆக்சிஜனின் நீலப்பச்சையும், தூசியில் பட்டுத் திரும்பும் விண்மீன் ஒளியும் கலந்திருப்பதால், மாற்றம் செய்யப்படாத கேமராவுக்கும் அது நன்றாகப் பிடிபடுகிறது. ரோசெட், கலிஃபோர்னியா போன்ற நெபுலாக்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர் சிவப்பில் மட்டுமே ஒளிர்பவை. சாதாரண கேமராவின் சென்சாருக்கு முன்னால் உள்ள வடிகட்டி அந்தச் சிவப்பின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அவற்றோடு தொடங்குபவர்கள் தங்கள் திறமையின் மீதே சந்தேகப்பட நேர்கிறது.

நெபுலா ஒன்றின் முதல் ஒளிப்படமும் இதே ஓரியன் நெபுலாவினுடையதுதான். அமெரிக்க மருத்துவரான ஹென்றி டிரேப்பர் 1880 செப்டம்பர் 30 அன்று ஏறத்தாழ 50 நிமிட எக்ஸ்போஷரில் அதை எடுத்தார். பிரகாசமான நடுப்பகுதிதான் முக்கியமாகப் பதிந்தது. 1882 மார்ச்சில் 137 நிமிடம் ஒளியைச் சேகரித்தபோது, மங்கலான விண்மீன்களும் நெபுலாவின் விரிந்த பகுதிகளும் வெளிப்பட்டன. நேரத்தைக் கூட்டினால் மங்கலானது தெரியவரும் என்ற அந்தப் பாடம் இன்றைய டிஜிட்டல் கேமராவுக்கும் அப்படியே பொருந்துகிறது.

இடமும் காலமும்

தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை வானத்தை மூடிவைக்கிறது. தை பிறந்த பிறகு மேகம் விலகும்போது ஓரியன் மிகச் சரியான நிலையில் இருக்கிறது: ஜனவரி நடுவில் இரவு 10 மணியளவிலும், பிப்ரவரி நடுவில் 8 மணியளவிலும் அது உச்சிவட்டத்தை (வடக்கையும் தெற்கையும் தலைக்கு மேலாக இணைக்கும் கோட்டை) கடக்கிறது. சென்னையிலிருந்து பார்த்தால் அப்போது அடிவானத்துக்கு மேலே 71 பாகை உயரத்திலும், மதுரையில் இன்னும் சற்று உயரத்திலும் நிற்கும். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு இதைவிட வெகு தாழ்வாக, தடித்த காற்றடுக்கின் ஊடே தெரிகிற பொருள் நமக்கு ஏறக்குறைய தலைக்கு மேலே கிடைக்கிறது. ஜவ்வாது மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்ததற்கும் இந்தக் குறைந்த அட்சரேகை ஒரு காரணம். வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியையும் அங்கிருந்து பார்க்க முடிகிறது.

அமாவாசைக்கு முன்னும் பின்னுமான ஐந்தாறு நாட்களைத் தேர்ந்தெடுங்கள். நகரத்திலிருந்து 60, 70 கிலோமீட்டர் விலகிச் சென்று எடுக்கும் ஒரு மணி நேரத்துக்கு, மொட்டை மாடியில் பல இரவுகள் எடுத்தாலும் ஈடாகாது. பயணம் முடியாதவர்கள், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஒளிகளை மட்டும் விடும் இரட்டைப் பட்டை வடிகட்டியைப் பயன்படுத்தலாம். பழைய சோடியம் விளக்குகளின் மஞ்சள் ஒளியைத் தடுப்பதற்காகச் செய்யப்பட்ட வடிகட்டிகள், எல்லா நிறங்களையும் பரப்பும் இன்றைய எல்இடி தெருவிளக்குகளுக்கு எதிராக அதிகம் உதவுவதில்லை என்பதை வாங்கும் முன் நினைவில் கொள்ளுங்கள்.

துருவ அச்சு

வானம் ஒரு வினாடிக்கு 15 வில்வினாடி நகர்கிறது (ஒரு பாகையில் 3,600 வில்வினாடி). 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவில் 200 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால் ஒரு பிக்சல் ஏறத்தாழ 3.8 வில்வினாடியைப் பார்க்கிறது. எனவே டிராக்கர் இல்லாமல் ஒரே ஒரு வினாடி எடுத்தாலும் விண்மீன் நான்கு பிக்சல் இழுபட்டுவிடும். டிராக்கர் இருந்தும் அதன் அச்சு, வானம் சுழலும் மையமான வடதுருவத்தை நோக்கிச் சரியாக நிற்காவிட்டால், ஒரு நிமிட எக்ஸ்போஷரிலேயே அந்த இழுபடல் திரும்பி வந்துவிடுகிறது.

இங்கே நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே நம் அட்சரேகையின் அளவுக்குத்தான் உயரும்: சென்னையில் 13 பாகை, மதுரையில் 10, கன்னியாகுமரியில் 8, யாழ்ப்பாணத்திலும் 10க்குள்தான். தென்னந்தோப்போ, மலைச்சரிவோ, வெறும் தூசுப்படலமோ அதை மறைக்கப் போதும். எனவே வடக்கு திறந்திருக்கும் இடத்தைப் பகலிலேயே பார்த்து வையுங்கள். டிராக்கரைச் சாய்த்து நிறுத்தும் அடிப்பகுதி 8 பாகை வரை இறங்குமா, அப்படி இறங்கும்போது எதிர்எடை முக்காலியின் காலில் இடிக்காதா என்பதை வீட்டிலேயே சோதித்துக்கொள்ளுங்கள். குளிர்நாடுகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட சில கருவிகள் இவ்வளவு தாழ்வாக இறங்குவதில்லை.

துருவ நட்சத்திரம் தெரிந்தால், டிராக்கரில் உள்ள சிறிய துருவத் தொலைநோக்கியின் வளையத்தில் கைபேசிச் செயலி காட்டும் மணிநேர இடத்தில் அதை நிறுத்த வேண்டும். நடுவில் நிறுத்தினால் போதாது, ஏனெனில் உண்மையான துருவத்திலிருந்து அது ஏறத்தாழ 0.6 பாகை விலகியே இருக்கிறது. தெரியாவிட்டால் நகர்வு முறையைப் பயன்படுத்துங்கள். தெற்கே உச்சிவட்டத்துக்கு அருகில், வான நடுவரையை (பூமியின் நடுவரைக்கு நேர் மேலே வானில் ஓடும் கோட்டை) ஒட்டிய ஒரு விண்மீனைச் சில நிமிடம் கவனிக்க வேண்டும்: அது தெற்கே நழுவினால் டிராக்கரின் அச்சு கிழக்கே விலகியிருக்கிறது, வடக்கே நழுவினால் மேற்கே விலகியிருக்கிறது. அதன் பிறகு கிழக்கு வானில் தாழ்வாக உள்ள விண்மீன் ஒன்றைப் பாருங்கள்: தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே நழுவினால் உயர்ந்திருக்கிறது. முதல் முறை இதற்கு ஒரு மணி நேரம் ஆகலாம். அவசரப்பட வேண்டாம், அந்த இரவின் மற்ற வேலைகள் எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன.

ஃபோகஸ்

தானியங்கி ஃபோகஸையும் லென்ஸின் அதிர்வுக் குறைப்பையும் நிறுத்திவிடுங்கள். லென்ஸின் வளையத்தில் உள்ள முடிவிலிக் குறியை நம்ப வேண்டாம். சிரியஸ் அல்லது ரிகெல் போன்ற பிரகாசமான விண்மீனைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, லென்ஸின் முன் பாதினோவ் முகமூடியை (கோடுகோடாகப் பிளவுகள் வெட்டிய தகட்டை) வைத்தால், விண்மீனிலிருந்து மூன்று ஒளிக்கீற்றுகள் பிரியும். நடுக்கீற்று மற்ற இரண்டுக்கும் சரியாக மையத்தில் வரும்வரை வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். பின் வளையத்தை ஒட்டும் நாடாவால் ஒட்டிவிட்டு, முகமூடியை மறக்காமல் எடுத்துவிடுங்கள். வெப்பநிலை இறங்க இறங்க ஃபோகஸ் நகரும் என்பதால் 45 நிமிடத்துக்கு ஒருமுறை மீண்டும் பாருங்கள்.

எக்ஸ்போஷர்

சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா கோப்பாக மட்டும் எடுங்கள். எஃப்/2.8 லென்ஸ் என்றால் எஃப்/4க்குக் குறைப்பது மூலைகளில் உள்ள விண்மீன்களைக் காப்பாற்றும். ஐஎஸ்ஓ 800 அல்லது 1600 போதும். இருண்ட கிராமத்து வானில் 60 வினாடி, நகர ஓரத்தில் 20 முதல் 30 வினாடி எனத் தொடங்கி, கேமராவின் ஹிஸ்டோகிராமை (இடது இருட்டும் வலது வெளிச்சமுமாக ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடத்தை) பாருங்கள்: அதன் மேடு இடது விளிம்பிலிருந்து தெளிவாகப் பிரிந்து, கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் நிற்க வேண்டும். இடது விளிம்பில் ஒட்டியிருந்தால் நெபுலாவின் மங்கலான ஒளி கேமராவின் இரைச்சலில் புதைந்துபோகும். நடுவைத் தாண்டினால் விண்மீன்களின் நிறம் வெளுத்துப்போகும். கேமராவில் உள்ள நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் குறைப்பு வசதியை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் அதே அளவு நேரம் மூடிய படம் ஒன்றை எடுத்து, இரவில் பாதியை அது விழுங்கிவிடும்.

பிரேமின் நீண்ட பக்கத்தை வடக்கு–தெற்காக வைத்தால், 200 மி.மீ. லென்ஸில் ஓரியன் நெபுலாவோடு அதன் வடக்கே உள்ள ஓடும் மனிதன் நெபுலாவும், பட்டையின் கிழக்கோர விண்மீனை ஒட்டிய சுடர் நெபுலாவும் ஒரே படத்தில் அடங்கும்.

எத்தனை பிரேம் எடுப்பது என்பதுதான் படத்தின் தரத்தை முடிவுசெய்கிறது. பிரேம்களை அடுக்கிச் சராசரி எடுக்கும்போது, இரைச்சல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறைகிறது. 30 பிரேமில் கிடைத்த படத்தின் இரைச்சலைப் பாதியாக்க 60 போதாது, 120 வேண்டும். அதையும் பாதியாக்க 480. ஒரு நிமிட பிரேம்களில் இரண்டு மணி நேரம் என்பதை ஓர் இரவின் குறைந்தபட்ச இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இரவில் ஐந்து பொருள்களை ஆளுக்கு இருபது நிமிடம் எடுக்கும் ஆசையை அடக்குவது கடினம் என்பதை அறிவேன்; ஆனால் அதில் ஐந்தும் அரைகுறையாகத்தான் முடியும்.

நெபுலாவின் மையத்தில் ட்ரபீசியம் என்ற நான்கு இளம் விண்மீன்கள் இருக்கின்றன. நீண்ட எக்ஸ்போஷரில் அந்தப் பகுதி முழுவதும் வெண்மையாக நிரம்பிவிடும். எனவே இறுதியில் 5 வினாடி எக்ஸ்போஷரில் ஒரு இருபது, முப்பது பிரேம்களைத் தனியாக எடுத்து வையுங்கள்.

பத்து பிரேமுக்கு ஒருமுறை டிராக்கரின் பொத்தானால் கேமராவின் பார்வையைப் பத்துப் பதினைந்து பிக்சல் அளவுக்குச் சற்றே நகர்த்துவது நல்ல பழக்கம். அப்படி நகர்த்தாவிட்டால், சென்சாரின் நிலையான குறைகள் ஒவ்வொரு பிரேமிலும் விண்மீன்களுக்கு எதிராக மெல்ல நகர்ந்து, அடுக்கிய படத்தில் மழைச்சாரல் போன்ற சாய்கோடுகளாகப் படியும். அதை எந்த மென்பொருளாலும் முழுமையாக நீக்க முடிவதில்லை.

பிரேமைப் படிக்கக் கற்றல்

நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் பகுதி இது. முதல் ஐந்து பிரேம்களை எடுத்ததும் நிறுத்தி, ஒன்றை நூறு சதவீத அளவில் திறந்து, நடுவையும் நான்கு மூலைகளையும் தனித்தனியாகப் பாருங்கள். எல்லா விண்மீன்களும் ஒரே திசையில் ஒரே அளவு நீண்டிருந்தால் துருவ அச்சிலோ டிராக்கரின் ஓட்டத்திலோ பிழை இருக்கிறது. நடுவில் வட்டமாகவும் மூலைகளில் மட்டும் இறகு முளைத்ததுபோலவும் இருந்தால் அது லென்ஸின் இயல்பு. லென்ஸின் ஒளித்துளையை ஒரு படி குறைத்தால் சரியாகும். நீளாமல், ஆனால் பருத்து, உப்பிய வட்டுகளாக இருந்தால் ஃபோகஸ் விலகியிருக்கிறது. ஒவ்வொரு விண்மீனும் இரட்டையாகவோ சிறு கொக்கியாகவோ தெரிந்தால் காற்றோ யாரோ ஒருவரின் காலோ முக்காலியைத் தொட்டிருக்கிறது. அந்த ஒரு பிரேமை மட்டும் நீக்கினால் போதும். பிரகாசமான விண்மீன்களைச் சுற்றி மென்மையான ஒளிவட்டம் தோன்றி, பிரேமுக்குப் பிரேம் அது பெரிதாகிக்கொண்டே வந்தால் லென்ஸில் பனி படிகிறது.

இந்தக் கடைசிக் குறையை நான் ஜவ்வாது மலையில் ஒரு ஜனவரி இரவில் கற்றேன். ஒன்பது மணிக்குப் பார்த்தபோது விண்மீன்கள் ஊசிமுனை போல இருந்தன. அந்த நிம்மதியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணிக்கு எழுந்து கைவிளக்கின் சிவப்பு ஒளியில் பார்த்தபோது, லென்ஸின் முன்கண்ணாடி முழுவதும் வெந்நீர்ப் பாத்திரத்தின் மூடி போலப் பூத்துப்போயிருந்தது. வீட்டுக்கு வந்து பிரேம்களை வரிசையாகத் தட்டிப் பார்த்தேன்: 10.40 மணி வரை கூர்மை, அதன் பிறகு ரிகெலைச் சுற்றி ஒரு மெல்லிய பால்நிற வளையம், பதினொன்றுக்கு மேல் ஓடும் மனிதன் இருந்த இடமே தெரியவில்லை. 140 பிரேம்களுக்கு மேல் கழித்துவிட வேண்டியதாயிற்று. லென்ஸைச் சுற்றிக் கட்டும் யுஎஸ்பி வெப்பப் பட்டை ஒன்றும் ஒரு பவர் பேங்க்கும் இருந்திருந்தால் அந்த இரவு காப்பாற்றப்பட்டிருக்கும். பனி படிந்த பிறகு துடைப்பதைவிட, படியும் முன்பே, கேமராவை வெளியே வைத்த உடனேயே பட்டையை இயக்கிவிடுங்கள். பட்டையைக் கட்டிய பிறகே ஃபோகஸ் பாருங்கள், ஏனெனில் அந்த வெப்பமும் ஃபோகஸை நகர்த்தும்.

திருத்தப் பிரேம்கள்

கேமரா, லென்ஸின் குறைகளை நீக்குவதற்காகத் தனியே எடுக்கும் இந்தப் பிரேம்களைச் சோம்பல்பட்டு விட்டுவிடுபவர்கள் பலர். நம் ஊர் வெப்பத்தில் அப்படி விட முடியாது. சென்சாரின் இருள் மின்னோட்டம் (ஒளியே படாதபோதும் வெப்பத்தால் உண்டாவது) வெப்பநிலை ஏறக்குறைய 6 டிகிரி செல்சியஸ் கூடும்போதெல்லாம் இரட்டிப்பாகிறது. குளிர்நாட்டில் 5 டிகிரியில் எடுப்பவரின் கேமராவோடு ஒப்பிட்டால், சென்னையின் 23 டிகிரி இரவில் நம் கேமரா எட்டு மடங்கு இருள் மின்னோட்டத்தைச் சுமக்கிறது. எனவே படமெடுத்து முடித்த உடனேயே, அதே இடத்தில், அதே எக்ஸ்போஷரிலும் ஐஎஸ்ஓவிலும், லென்ஸ் மூடியைப் போட்டு 20 முதல் 30 டார்க் பிரேம்களை எடுங்கள். மறுநாள் வீட்டுக்குள் எடுத்தால் வெப்பநிலை பொருந்தாது. அதன்பின் மூடியோடு கேமராவின் மிகக் குறைந்த எக்ஸ்போஷரில், சென்சாரின் அடிப்படை அளவைப் பதியும் 50 பயாஸ் பிரேம்கள். இதற்கு இரண்டு நிமிடம் போதும்.

ஃப்ளாட் பிரேம்கள், லென்ஸின் ஓர நிழலையும் சென்சாரில் உள்ள தூசுப் புள்ளிகளையும் நீக்குபவை. வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து லென்ஸின் முன் சுருக்கமின்றி இழுத்துக் கட்டி, விடியல் வானத்தின் சீரான ஒளியில் 20, 30 பிரேம்களை எடுங்கள். ஹிஸ்டோகிராம் மேடு நடுவில் இருக்கட்டும். அதுவரை ஃபோகஸ், துளை ஆகியவற்றையோ கேமரா லென்ஸில் பொருந்தியிருக்கும் நிலையையோ துளியும் மாற்றக்கூடாது.

அடுக்குதலும் மெருகேற்றலும்

சிரில் என்ற இலவச மென்பொருளே இந்த வேலை முழுவதற்கும் போதும். அடுக்குவதற்கு மட்டும் டீப் ஸ்கை ஸ்டேக்கரையும் பலர் பயன்படுத்துகிறார்கள். திருத்தப் பிரேம்களைப் பொருத்தி, விண்மீன்களை வைத்து ஒவ்வொரு பிரேமையும் நேர்ப்படுத்தி, சராசரியிலிருந்து விலகும் பிக்சல்களை நிராகரிக்கும் முறையில் அடுக்கினால், குறுக்கே போன செயற்கைக்கோள்களின் கோடுகளும் மறைந்துவிடும். அடுக்குவதற்கு முன் மோசமான பிரேம்களைக் கழித்துவிடுங்கள். பத்தில் ஒன்று போனால் வருந்த வேண்டியதில்லை.

அடுக்கி முடித்ததும் திரை கறுப்பாக, நான்கைந்து விண்மீன்களோடு மட்டும் தெரியும். அது பிழையன்று, ஒளி இன்னும் விரிக்கப்படவில்லை, அதாவது மங்கலான பகுதிகள் தெரியும்படி பிரகாசமாக்கப்படவில்லை, அவ்வளவுதான். விரிப்பதற்கு முன்பே பின்னணியில் படிந்த நகர ஒளியின் சாய்வை நீக்குங்கள்; பின்னணியை அளக்க வைக்கும் மாதிரிப் புள்ளிகள் நெபுலாவின் மேல் விழாமல் கவனமாக இருங்கள், இல்லையேல் மென்பொருள் நெபுலாவையே ஒளிமாசு என்று கருதிக் கழித்துவிடும். அடுத்து, அட்டவணையில் உள்ள விண்மீன்களின் நிறத்தோடு ஒப்பிட்டு நிறத்தைச் சரிசெய்யும் வசதியைப் பயன்படுத்துங்கள். அதன் பிறகே ஒளியை விரிக்க வேண்டும்: ஒரே வீச்சில் விரிக்காமல், சிறிது சிறிதாக, ஒவ்வொரு முறையும் ஹிஸ்டோகிராமின் இடது அடிவாரம் வெட்டுப்படவில்லை என்று பார்த்துக்கொண்டு செல்லுங்கள்.

வானத்தை மைக்கறுப்பாக்கும் ஆசை தொடக்கத்தில் எல்லோருக்கும் வருகிறது. அப்படிச் செய்தால் நெபுலாவைச் சுற்றிப் பரவியிருக்கும் பழுப்பு நிறத் தூசு, இரண்டு மணி நேரம் காத்திருந்து சேகரித்த அந்த மங்கலான ஒளி, முதலில் அழிந்துபோகும். பின்னணி அடர்சாம்பல் நிறத்தில் இருப்பதே சரி. இரைச்சல் நீக்கத்தையும் கூர்மையாக்கலையும் கொஞ்சமாகவே செய்யுங்கள்; நெபுலாவின் புகைமடிப்புகள் மெழுகு பூசியதுபோலத் தோன்றத் தொடங்கினால் ஒரு படி பின்வாங்குங்கள். கடைசியாக, 5 வினாடிப் பிரேம்களைத் தனியே அடுக்கி, கிம்ப் போன்ற மென்பொருளில் மென்மையான முகமூடியோடு (வேண்டிய பகுதியை மட்டும் காட்டும் மென்பொருள் அடுக்கோடு) நடுப்பகுதியில் மட்டும் இணைத்தால், வெளுத்திருந்த இடத்தில் ட்ரபீசியத்தின் விண்மீன்கள் தனித்தனியாகத் தெரியும்.

முடித்த படத்தோடு வேலையை மூடிவிட வேண்டாம். ரா கோப்புகள், அவற்றுக்குரிய திருத்தப் பிரேம்கள் ஆகியவற்றைத் தேதி, இடம், லென்ஸ், எக்ஸ்போஷர், வெப்பநிலை குறித்து ஒரே கோப்புறையில் சேமியுங்கள். மார்ச்சுக்குப் பிறகு ஓரியன் மேற்கில் சாய்ந்துவிடும். மழை முடிந்து அடுத்த ஜனவரியில் அது மீண்டும் கிழக்கில் ஏறும்போது, அதே லென்ஸில் அதே கோணத்தில் எடுக்கும் புதிய பிரேம்களைப் பழையவற்றோடு சேர்த்து அடுக்கலாம். ஒவ்வோர் இரவையும் அதற்குரிய டார்க், ஃப்ளாட் பிரேம்களால் தனியே திருத்திய பிறகே ஒன்றாக நேர்ப்படுத்துங்கள்.